இரண்டு சீட்டுக் காரின் அடித்தகடு

முதலாளி அம்பாசடரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவரைக்கும் டிரைவருக்கு வசவு மட்டும்தான். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்த பிறகுதான் அடி ஆரம்பித்தது. அதில் இரண்டே சீட்டு. கை எட்டும் தூரத்தில் டிரைவரின் இடது கன்னம்.

நாற்கரச் சாலைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தங்கல் ரோட்டில் நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். அந்த முதலாளிக்கு ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. ஆசைப்பட்டு பெங்களூரில் வாங்கிவந்த பழைய கார், தரையை நக்கிக்கொண்டு ஓடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் வயிறு இடிக்கும். இடித்ததும் ‘பளார்’. டீக்கடையில் சொல்வார்கள்: “அந்தக் காருக்கு ஹாரன் பக்கத்து சீட்டுல இருக்குப்பா. சத்தம் கேட்டா ஒதுங்கிக்க.” எனக்கு இந்த மாதிரிப் பேச்சென்றால் உயிர். ஆனால் டிரைவரை நேரில் பார்த்த பிறகு அதற்குச் சிரிக்க முடியவில்லை.

சூலக்கரை அரசு ஆபீஸ்களுக்கு முன்னால் ஒருநாள் இடித்த இடியில் இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் சேம்பர் உடைந்து, ரோடெல்லாம் எண்ணெய். முதலாளி டிரைவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, அந்த எண்ணெயிலேயே தள்ளி மிதித்தாராம். மெக்கானிக் புது சேம்பர் மாட்டியதும், அடியில் ஒரு காப்புத் தகடு போட வண்டி என்னிடம் வந்தது.

“அண்ணாச்சி, நல்லாக் கனமாப் போடுங்க. இனி ஒரு சொட்டு ஒழுகக் கூடாது” என்றார் டிரைவர்.

“கன்னம் என்னப்பா இம்புட்டு வீங்கியிருக்கு?”

“வீட்டுல கடவாப்பல்லு வலின்னு சொல்லிருக்கேன். தெனமும் கிராம்பு வச்சு விடுறா. அவ நம்ம கம்பெனியிலதான் வேல பாக்கா. அவளுக்கு மட்டும் இது தெரிஞ்சிரக் கூடாது அண்ணாச்சி. தெரிஞ்சா அவ மூஞ்சில முழிக்க முடியாது.”

ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். பேச்சை விட்டுவிட்டு அட்டையும் கத்தரியும் எடுக்கப் போனேன்.

காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்து, பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டி அளவு பார்த்தேன். முன்விளிம்பை முறத்தின் நுனி போல மேலே வளைக்க வேண்டும். ஆயில் மாற்ற ஒரு ஓட்டை, இன்ஜின் மூச்சுவிட வரிசையாகக் கீறல்கள், அதிர்வு வாங்க ரப்பர் வாஷர். அதுவரைக்கும் சரி. எதில் செய்வது என்பதில்தான், வேலையைப் பார்க்க வந்த முதலாளியோடு தகராறு.

“அலுமினியத்துல போடுவோம் மொதலாளி. இரும்பு ரோட்டுல ஒரசுனா பொறி பறக்கும். நம்ம பக்கம் அது ஆகாது.”

“இட்லிச் சட்டி செய்யவாய்யா உன்ட்ட வந்தேன்? இரும்பு போடு.”

“அண்ணாச்சி சொல்றது சரிதான மொத...” டிரைவர் முடிக்கவில்லை. விழுந்த அறையில் என் சுத்தியல் மேஜைமேல் போய்ச் சாய்ந்தார்.

இரும்பே போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி குனிந்து, தகட்டை ஷூவால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. “ஏலே, எடு வண்டிய. கம்பெனி கேட்டு மேட்டுல ஏத்திப் பாத்துருவோம்.”

அதுவரை கம்பெனிக்கு அந்தக் கார் போனதே இல்லை, ஜீப்தான் போகும். டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. “வேல விடுற நேரம் மொதலாளி...”

“விடட்டுமே. எல்லாப் பயலும் பாக்கட்டும்.”

மனசு கேட்காமல் டிவிஎஸ்ஸில் நானும் பின்னால் போனேன்.

கேட்டைத் திறந்து பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கார் மேட்டில் ஏறியது. தகடு கல்லில் உரசி வீறிட்டது. இரண்டு பக்கமும் பொறி சிதறியது. சேலையிலும் தலைமுடியிலும் மருந்துப்பொடி ஒட்டியிருக்கும் பெண்கள் அவர்கள். “நெருப்பு! நெருப்பு!” என்று ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து ஓடினார்கள். கீழே விழுந்தவளின் கையை இன்னொருத்தி மிதித்துப் போனாள்.

எதுவும் பற்றவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

முதலாளி காரிலிருந்து குதித்து இறங்கினார். அவருடைய பயமெல்லாம் கைக்கு வந்தது. டிரைவரை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். கன்னத்தில் அறைந்தார், முழங்காலால் வயிற்றில் இடித்தார், விழுந்தவரை விலாவில் உதைத்தார். வாயில் ரத்தம் வழிய, டிரைவர் தடுக்கவே இல்லை. தலையைத் தூக்கிக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த முகம் வந்தது. வெள்ளி மருந்துப் பிரிவில் வேலை. அலுமினியப் பொடியில் மணிக்கட்டு வரை கை பளபளத்தது.

“இதுதான் ஒங்க பல்லு வலியா?” என்று புருஷனிடம் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. திரும்பி, முதலாளியை ஓங்கி அறைந்தாள். சத்தம் காம்பவுண்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது. அவர் கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளியாய் நின்றன.

வாட்ச்மேன் ஓடிவந்து அவள் கொண்டையைப் பிடித்தான். பெண்கள் தூக்குச்சட்டியை ஓங்கிக்கொண்டு சூழ்ந்தார்கள். ஒன்று அவன் நெற்றியில் இறங்கியது, பிடியை விட்டான். முதலாளி கன்னத்தைத் துடைத்துக்கொண்டே நடந்து உள்ளே போனார். துடைக்கத் துடைக்க அது முகமெல்லாம் பரவியது.

டிரைவரைத் தூக்கி ரோட்டோரம் கொண்டுவந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். நிமிர்ந்து நின்றதும் அவர் அவளைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

“ஒன்ன எவடி கூப்புட்டா? எதுக்கு வந்த?”

அவள் விலகவில்லை. “அடிங்க. கைய ஓங்குறது அந்தாளு மாதிரியே இருக்கு. நல்லாப் பழகிட்டு வந்திருக்கீக.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் நடுவில் போகலாமா என்று யோசிப்பதற்குள் அது தானாகக் கீழே வந்தது. அவள் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அதில் தன் கையைக் கழுவிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள், அவர் பின்வாசலில். பஸ் நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி விலக்கி, அவள் உட்கார்ந்திருந்த சீட்டை நோக்கி அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.