வெள்ளிக்கிழமை எக்கோ

கல்யாணமாகி நாற்பதாம் நாள் மச்சான் துபாய்க்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை குத்தாலம் கடைத்தெரு பிரௌசிங் சென்டரில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் லீவு. ஜும்மா முடிந்து சாப்பாடு ஆனதும் நானும் மாமியாரும் கிளம்புவோம். ஒட்டுப்பலகை தடுப்புக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஹெட்போன். மாமி முதலில் பேசுவார், அப்புறம் நான்.

ஒரு வாரம் மச்சான், "நான் பேசுறது எனக்கே திரும்பி வருது. எக்கோ அடிக்குது. பி.காம். படிச்சிருக்கேல்ல, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். எக்கோ, சவுண்டு, குரல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டித் தேடினேன். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒரு வழியும் கிடைக்கவில்லை. எக்கோவையே சங்கீதமாக்கி வைத்திருந்த ஒரு பக்கம் திறந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு பைத்தியக்காரப் புண்ணியவான், ஜமைக்கா பாட்டுகளை வாரந்தோறும் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். கீறல் விழுந்த பழைய இசைத்தட்டுகளும் இருந்தன, ஜப்பான்காரர்கள் போன மாதம் வாசித்ததும் இருந்தது. துள்ளி ஓடினால் ஸ்கா, அதுவே நிதானமானால் ரெகே. டப் என்று இன்னொன்று. அதில் பாடுகிறவரை வெளியே அனுப்பிவிட்டு ட்ரம்மையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். நடுவில் அவர் குரலில் ஒரே ஒரு சொல்லோ, டிரம்பட்டில் ஒரு துணுக்கோ வந்து, மோதி மோதித் தேய்ந்து போகும்.

மாமி என் ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். ஸ்கா ஓடிக்கொண்டிருந்தது.

"மினி பஸ் மேடு பள்ளத்துல குதிச்சிப் போற மாதிரி இருக்கு. யாரு இவங்க?"

"ஜமைக்காவாம் மாமி."

"நல்லா இருக்கட்டும். இன்னொண்ணு வை."

மச்சான் நல்லவர். ஆனால் அறிவுரை ஆரம்பித்தால் நிற்காது. சுகர் மாத்திரை போட்டீங்களா, நடந்தீங்களா, மாம்பழம் யார் வாங்கினது, நீ எதற்கு மாயவரம் போனே. ஒரு வெள்ளிக்கிழமை மாம்பழ விசாரணை நடுவில் மாமி என் தொடையைக் கிள்ளி, வாயசைத்தார். "அந்த எக்கோவைப் போடு."

நான் டப்பைப் போட்டு, ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன்.

"ஹலோ? ஹலோ? அம்மா, ஒண்ணுமே கேக்கலை. பயங்கரமா எக்கோ அடிக்குது."

"ஆமாந்தம்பி, எங்களுக்கும் கேக்கலை. உடம்பைப் பாத்துக்க" என்று மாமி தெளிவாகச் சொன்னார். நான் கட் செய்தேன். மிச்ச முக்கால் மணி நேரமும் பாட்டுதான்.

மூன்று நான்கு மாதம் இப்படியே ஓடியது. பிறகு மச்சான் துபாயிலிருந்து சென்டருக்கே போன் போட்டுச் சத்தம் போட்டார். சென்டர் நடத்திய அண்ணன் பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, கடன் வாங்கி கம்ப்யூட்டர் படித்தவர். தொழிலில் ஒரு குறை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. ஹெட்போனை மாற்றினார். வயரை மாற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது மோடத்தைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "அண்ணே, அதுல ஒரு கோளாறும் இல்லை. நாங்கதான்" என்று முழுவதும் சொன்னேன். மாமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மோடத்தைத் திரும்ப மாட்டினார். பிறகு, "அதைப் போடுங்க, கேப்போம்" என்றார். கேட்டார். "பேஸ் நல்லா இருக்குங்க. எனக்கு ஒரு சிடியில ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வெறும் சிடி தேடப் போனார்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எக்கோ அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வருஷப் பெருநாளுக்கு மச்சான் லீவில் வந்தார். முதல் நாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, எக்கோன்னா நாம பேசுனதுதானே திரும்பி வரணும்? எனக்கு டிரம்பட் வந்துச்சே."

மாமி கறியைப் பரிமாறிக்கொண்டே, "கடல் தாண்டி வருதுல்ல" என்றார்.

மச்சான் சிரிக்காமல் தொடர்ந்தார். அங்கே நெட் கடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உகாண்டாக்காரர் ஒருவர் உட்காருவாராம். சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது டப்பாச்சே என்று அவர்தான் சொன்னாராம்.

"எப்ப சொன்னார்?" என்றேன்.

"நான் சென்டருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்ட மறு வாரம்."

"அப்புறமும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க கட் பண்ணதும் நானும் அங்கேயே உக்காந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அவர் ஒரு பக்கம் காட்டினார். ஒரு ஆள் வாரா வாரம் ஏத்துறான்."

நாங்கள் கேட்ட அதே பக்கம். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

லீவு முடிந்து அவர் திரும்பிப் போன பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். முதல் அரை மணி பேச்சு, மாத்திரை பற்றி ஒரே ஒரு கேள்வி. அப்புறம் ஒன்று இரண்டு மூன்று எண்ணி, இரண்டு ஊரிலும் ஒரே பாட்டைத் தட்டுவோம். அவருக்கு உடனே வந்துவிடும். எங்களுக்குப் பாதியில் நிற்கும், யோசிக்கும், மறுபடி கிளம்பும். மாமி மைக்கில் சொல்வார்: "கொஞ்சம் இருப்பா. நாங்க இன்னும் முதல் வரியிலதான் இருக்கோம்."