பேர் காட்டாமல் உள்ளே வந்தவர்

வசந்தகுமார் இப்படிச் செய்வான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், திலகவதி சொன்னவரைத்தான் திட்டியிருப்பாள். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் இயங்கும் அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கிருந்த ஒரே சிநேகிதன் அவன். எளாவூர்க்காரன். சேர்ந்த புதிதில் திருதிருவென்று விழித்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்தவள் இவள். அவன் சொதப்பியதையெல்லாம் முதலாளி காதுக்குப் போகாமல் சரிசெய்தவளும் இவள்தான். மத்தியானம் இவள் டப்பாவில் பாதி அவனுக்கு. “உங்க அண்ணி கைக்குத் தங்கக் காப்பு போடணும் திலகா” என்று சப்புக்கொட்டித் தின்றவன்தான் அவன்.

அந்த அண்ணி செண்பகம், கும்மிடிப்பூண்டியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம்தான். ஆனால் இரண்டு போகம் பொய்த்த பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அவள் வேலையால். சீக்கிரமே நிரந்தரம் ஆக்குகிறோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வீடு மொத்தமும் அந்தச் சொல்லை நம்பி இருந்தது.

அந்தத் தொழிற்சாலைக்கான இணையச் செயலி திலகவதியின் கம்பெனி செய்தது. ஷிப்ட் மாறினாலும் பஸ் ரத்தானாலும், பக்கத்தை மூடித் திறந்தால்தான் தெரியும். ஒருநாள் கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்காக நின்று, தொப்பலாக நனைந்து வந்தாள் செண்பகம்.

“இன்னா ஆப் செய்றீங்க நீங்க? பஸ்ஸு வராதுன்றத நான் ஊடு வந்து சேந்தப்புறம் சொல்லுது. பேஜாரு.”

திலகவதிக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே உட்கார்ந்து ஒரு ஹூக் எழுதினாள். ஹூக் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. செய்தி வந்த நொடியே திரையில் காட்டுகிற வேலையை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால், எந்தத் திரைக்கு வேண்டுமோ அங்கே ஒரு வரியில் கூப்பிட்டுக்கொள்ளலாம். பஸ் திரை, ஷிப்ட் திரை, கேன்டீன் திரை என்று எல்லாவற்றிலும் அதைச் சேர்த்தாள். பிறகு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனியாக ஓர் அறையும் செய்தாள். யார் உள்ளே வந்தாலும் அவர் பேர் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினாள்.

செண்பகம் சுலபத்தில் மசியவில்லை. “ஆபீசருங்க பாத்துக்கினு இருந்தா?”

“பாக்க முடியாது அண்ணி. எவர் வந்தாலும் பேர் காட்டும். நானே எழுதினது, எனக்குத் தெரியாதா?”

அந்த வார்த்தையை நம்பித்தான் செண்பகம் உள்ளே போனாள். கூட வேலை செய்த பெண்களையும் அவளே கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. பிரஸ் மெஷினில் கையைக் காக்கிற தடுப்பைக் கழற்றிவிட்டு வேகமாக ஓட்டச் சொன்னார்கள். ‘எவளுக்காவது விரல் போறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து போய்க் கேப்போம்’ என்று அந்த அறையில் எழுதினாள் செண்பகம். மறுநாள் காலை கேட்டிலேயே அவளை மட்டும் நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குள் இருந்த ஒருத்திதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று செண்பகம் முடிவுகட்டினாள். பக்கத்து மெஷின் பூவம்மாளின் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தாள். அந்தப் பூவம்மாள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

அடுத்த வாரம் தொழிற்சாலையிலிருந்து ஒரு புகார். பணியாளர் அதிகாரி பூவராகவனின் திரையில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வருகிறதாம். வசந்தகுமார் லீவு. திலகவதி போனாள்.

“வாம்மா. ஒரே ஆளு சொன்னதையே ரெண்டு ரெண்டு வாட்டி காட்டுது. படிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துடுது” என்று தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார் பூவராகவன்.

திரையில் பெண்களின் அறை ஓடிக்கொண்டிருந்தது. ‘பாவம் செண்பகம்’ என்று அந்தக் கணமே யாரோ எழுதினார்கள். அதுவும் இரண்டு முறை வந்தது.

திலகவதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செயலியின் நிரலைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய அதே ஹூக். அதில் பேர் காட்டுவதை நிறுத்தி வைக்க ஒரு சின்ன வசதியை யாரோ புதிதாகச் சேர்த்து, அதிகாரியின் திரைக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. திரையை மூடும்போது பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி திறக்கும்போது இரண்டு இணைப்பு ஓடும், செய்தி இரட்டையாக வரும். எத்தனை முறை சொன்னாலும் அதை மறக்கிறவன் கம்பெனியில் ஒருவன்தான். அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த நேரமெல்லாம் நினைவுக்கு வந்தது. பாவி, தின்ற சோற்றுக்காவது விசுவாசம் வேண்டாமா?

மறுநாள் ஆபீசில் அவன் கண்ணைப் பார்த்தே கேட்டாள்.

“பூவராகவன் சார் கேட்டாரு திலகா, முதலாளியும் செய்யச் சொல்லிட்டாரு. நான் புதுசா இன்னா எழுதினேன்? எல்லாம் நீ எழுதினதுதான். ஒரு வரி சேத்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஒத்துக்க மாட்டே.”

“எங்க அண்ணி அந்த ரூம்ல இருக்காங்கன்னு தெரியுமா, தெரியாதா?”

அவன் கீபோர்டைப் பார்த்தான். “தெரியும்” என்றான்.

அடித்திருக்கலாம். இவள் அடிக்கவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போய் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவள் போனாலும் ஹூக் அவர் கம்பெனியில்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் செண்பகம் களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். திலகவதி ஒன்றையும் மறைக்கவில்லை. பூவம்மாள் மேல் தப்பில்லை, எல்லாம் வசந்தகுமார் செய்தது, தன்னையும் கழுத்தறுத்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

செண்பகம் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள்.

“அந்த ஆள நான் கண்ணால பாத்ததுகூட இல்ல திலகா” என்றாள். “நான் உன்ன நம்பித்தானே பேசினேன்?”