மகள் பெயரில் நான் எழுதிய கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பதினான்கு பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழைத்தது நான்தான்; இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததுமே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் — சிறுவர் நிகழ்ச்சியில் என் மகள் பர்வீனின் கதை வரப்போகிறது என்று.

வருமா, வராதா? எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதியது நானல்லவா!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பர்வீனுக்குப் பத்து வயது. தன் கதை ரேடியோவில் வரவேண்டும் என்று ஒரு வருடமாக ஆசை. பேசுகிற ஆடு ஒன்றைப் பற்றி அவளே எழுதினாள். "ஆடு கதைக்குமா புள்ள?" என்று கேட்டு அதைக் கிழித்துப் போட்டேன். வேறொன்றை நானே எழுதி, அவள் கையால் பிரதி எடுக்கவைத்து அனுப்பினேன்.

நிகழ்ச்சியை நடத்துகிறவர் மீராசாகிப் சேர். முன்பு நாவிதன்வெளிப் பக்கம் வாத்தியார். கதிர் முற்றும் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குருவி விரட்ட வயலுக்குப் போய்விடுவார்களாம். இவர் தினமும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்பாராம். பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் கதைகள் புத்தகமாயின, புத்தகம் ரேடியோவுக்குப் போனது. இன்று அவர் குரல் கேட்கும் நேரத்தில் எங்கள் ஒழுங்கைகளில் ஒரு பிள்ளையைக் காண முடியாது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெவ்வையே தன் நேரத்தை மாற்றிவிட்டார்... எழுதுகிறவனுக்குப் பொறாமை வராதா?

அன்று ரேடியோவில் சேர் தொண்டையைச் செருமினார்.

"கல்முனைக்குடி மகள் பர்வீன்ட கதை கிடைச்சிரிக்கி. 'செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டினான்' எண்டு தொடங்குது. மகள், வாப்பாக்கு என்ட சலாமச் செல்லுங்க. அடுத்த கதைய நீங்களே எழுதுங்க, என்ன?"

பதினான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவியின் தம்பி ஹனீபாதான் முதலில் வாய் திறந்தான்.

"வட்டிலப்பம் நல்லாரிக்கி மச்சான்."

அதன்பிறகு சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

பர்வீன் சிரிக்கவில்லை. "இனி நான் எழுதினாலும் நீங்க எழுதின எண்டுதானே வாப்பா எல்லாரும் செல்லுவாங்க" என்று அழுதாள். எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு — சிறுவர் கதை என்றால் கொஞ்சம் குனிந்து எழுதினால் போதும் என்று. எதிரே நிற்கிற பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க மட்டும் நேரமிருக்காது.

அவள் மறுபடி எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. தபாலில் போடவும் தானே போனாள்.

போன ஞாயிறு நான் யாரையும் அழைக்கவில்லை. ரேடியோச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தேன். என்ன பிரயோசனம்? அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் அதே நிகழ்ச்சிதான்! சேர் ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தார்.

"ஒரு ஊர்ல ஒரு வாப்பா இருந்தார். அவர் மகளுக்குப் பதிலா கதை எழுதினார். மகளுக்குப் பதிலா பெருமைப்பட்டார். மகளுக்குப் பதிலா வெக்கப்பட்டார். ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்திச்சு. கசப்பு மருந்த மட்டும் மகளே குடிச்சா."

சேர் சிரித்துவிட்டார். "இது மகள்ட கதைதான். அதுல சந்தேகமே இல்ல."

பர்வீன் துள்ளிய துள்ளலில் ரேடியோ மேசையே ஆடியது.

இருபது வருடமாக எழுதுகிறேன். ரேடியோவில் என் கதை ஒன்றுகூட வந்ததில்லை... நான் வந்துவிட்டேன்!