முதல் தாள் வந்தால்தான் இரண்டாம் தாள்

பெரிய கட்டடம் எழும்பும் இடங்களில் வரைபட அறை என்று ஒன்று இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்தான் நம்ம சீல்காரர். வரைபடங்களை வாங்கி, சீல் குத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு மேஸ்திரிகளிடம் கொடுப்பது அவர் வேலை. திருத்தின வரைபடம் வந்தால், பழைய தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் தாள் அவர் கையைவிட்டுப் போகும். பழையதன் தலையில் 'செல்லாது' என்று ஒரு குத்துக் குத்துவார் பாருங்கள், அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வீண் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை ஒரு மேஸ்திரி பழைய தாளை வைத்துக்கொண்டு படி கட்டப்போய், அது நேராக ஒரு குளியலறைக்குள் இறங்கியது. அதற்கப்புறம் முதலாளியே தலைகீழாக நின்றாலும் சீல்காரர் மசிவதில்லை. வாய்ச்சொல்லுக்கு அவரிடம் மரியாதையே கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷர் சொந்த வீடு கட்ட ஆரம்பித்தார். அதுவரை வாடகை வீடுகள்தான். ஒரு வீட்டுச் சமையலறையிலும் ஜன்னல் வாய்க்கவில்லை. உச்சி வெயிலிலும் பல்பைப் போட்டுக்கொண்டு சமைத்தே அவர் மனைவிக்குத் தலை நரைத்துவிட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. சமையக்கட்டுல தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அவ்வளவுதான்."

அவர் வரைந்த முதல் தாளில் அந்த இடத்தில் ஜன்னல் இல்லை. மூடிய சுவர், அதன்மேல் தன் ஃபைல்களுக்கு அலமாரி. வீட்டிலேயே வெயில் படாத இடம் அதுதானாம்! மனைவி தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தாளை அவர் மடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். சீல்காரர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஜன்னலோடு இரண்டாம் தாளை வரைந்தார். அதில் சீலும் குத்தினார்.

அதற்குள் முதல் தாள் கொத்தனார் கைக்குப் போயிருந்தது. கொத்தனார் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. வேலை தொடங்கிய அன்றே சீல்காரர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இதோ பாரு மச்சான், உங்கக்கா வந்து ஆயிரம் சொல்லுவா. பேப்பர்ல இல்லாததை நீ கட்டக் கூடாது" என்று சத்தியமே வாங்கியிருந்தார்.

இரண்டாம் தாளோடு போய் நின்றார். "முதல் தாளைக் குடு."

"அது அஸ்திவாரத்துக்குள்ள போயிடுச்சு மாமா. காத்துல பறந்து விழுந்துச்சு, எடுக்கறதுக்குள்ள மேல கான்கிரீட்டைக் கொட்டிட்டாங்க."

"அப்ப இதை எப்படிக் குடுக்கறது?"

"வேணும்னா தோண்டித் தரட்டுமா?"

"நக்கலா? தொலைஞ்சதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடு, தர்றேன்."

மச்சானுக்கு எழுதுவதென்றால் வேப்பங்காய். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தான். இரண்டாம் தாள் சீல்காரர் பையிலேயே கிடந்தது. தாள் தன் பையில் இருக்கும்வரை அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட ஏறாது என்று சீல்காரர் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தார். ஆனால் கூலியாட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? முதல் தாள் மச்சானுக்கு மனப்பாடம். சுவர் எழும்பியது.

பூச்சு வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் புருஷனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். சமையலறையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி நாலு சுவரையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"டேய், ஜன்னல் எங்கடா?"

"நீ சொன்னே, எனக்கும் தெரியும்கா. ஆனா மாமாகிட்ட சத்தியம் பண்ணிட்டேனே. பேப்பர் வரல."

அவள் திரும்பினாள். சீல்காரர் பையிலிருந்து இரண்டாம் தாளை மெதுவாக எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். அழகான ஜன்னல், அளவு பிசகாமல், பக்கத்தில் சீலோடு.

"இதை இத்தனை நாளாப் பையிலயா வெச்சிருந்தீங்க?" என்றாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. குளியலறைக்குள் இறங்கின படிக்காக ஊரையே திட்டின தன்மேல் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மறுபடி பைக்குள் கையை விட்டு இன்னொரு சீல் கட்டையை எடுத்தார். மையில் ஒற்றி, ஈரச் சுவரின் நடுவில் ஓங்கிக் குத்தினார்: செல்லாது.

மச்சான் வாயைப் பிளந்தான். பிறகு மெல்ல, "கையெழுத்து மாமா?" என்றான்.

அவர் சுவரிலேயே கையெழுத்துப் போட்டார். மனைவி ஒரு கரித்துண்டை எடுத்து, சீலைச் சுற்றி ஒரு சதுரம் இழுத்தாள். தாளில் இருந்ததைவிட அது நன்றாகவே பெரிசு. சீல்காரர் அதை அளந்து பார்க்கவில்லை. மச்சான் கொண்டுவந்த சம்மட்டியை வாங்கி அவரே அடித்தார். பழக்கமில்லாத கை, முதல் செங்கல் விழவே வெகுநேரம் ஆனது.

விழுந்தது. தெரு வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள், "அந்த பல்பை அணைச்சிடுங்க."