ஞானத்தாய் கடைந்த கிலுகிலுப்பை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசத்துக்கு நாலைந்து நாட்கள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலையில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு போர் மோட்டார் மக்கர் செய்தது. அன்று மட்டும் அது ஒழுங்காக ஓடியிருந்தால் எனக்கு அந்த விஷயம் எப்போது தெரிந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இருவரும் வெளியூர்க் கல்லூரிக்குப் போனபின் சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சீரியல் பார்க்கப் பிடிக்காது. கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு லேத் வாங்கிப் போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து மரம் கடையப் பழகினேன். என் கணவரும் பிள்ளைகளும் முதலில் சிரித்தார்கள். பூரிக்கட்டை, மத்து, பம்பரம் என்று நான் கடைந்து தள்ளத் தள்ளச் சிரிப்பு நின்றது. அது நின்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் தம்பிக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு என்னையே ஞானத்தாயாக இருக்கச் சொன்னார்கள். அத்தையும் நான்தான், ஞானத்தாயும் நான்தான். கடையில் வாங்கிக் கொடுத்தால் எனக்கு என்ன மரியாதை? என் கையால் ஒரு கிலுகிலுப்பை கடைவதென்று முடிவு செய்தேன்.

பொம்மை கடைகிறவர்கள் வெட்பாலை மரத்தைத்தான் விரும்புவார்கள். வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். நத்தம் சாலையில் ஒரு விறகுக்கடைக்குப் போய், வெட்பாலை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் லாரியில் லோடு ஏற்றும் அவசரத்தில் இருந்தார். வெள்ளைக் கட்டை அந்த மூலையில் கிடக்கிறது, அதுதானா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்தேன். நாற்பது வீடியோ பார்த்த கண்ணல்லவா, ஒரே பார்வையில் வெட்பாலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை, இலையைப் பார்க்கவில்லை. காய்ந்த கட்டையில் இலைக்கு எங்கே போவது?

கடைவதற்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது உதட்டில் படிந்த தூள் கசந்தது. வெட்பாலை மருந்து மரமாயிற்றே, கசக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஒரே கட்டையில் கைப்பிடியும், அதைச் சுற்றிக் கழன்று விழாமல் ஆடுகிற மூன்று வளையங்களும் கடைந்தேன். ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது, உள்ளே மணி கிடையாது. குழந்தை விழுங்கிவிடுமோ என்ற பயமே வேண்டாம். வார்னிஷ்கூட அடிக்காமல் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினேன்.

ஞானஸ்நானத்தன்று மாதா கோவிலில், பிள்ளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். பிறகு விருந்து. குழந்தைக்கு ஆறு மாதம், ஈறு அரித்துக் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிற வயது. தம்பி மனைவி ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்திருந்தாள். அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இது அம்புட்டும் விஷம். படிச்ச பிள்ளை நீ, இது தெரிய வேணாமா? இந்த மரத்தைக் கடிக்கக் கொடு" என்று சொல்லிக் கிலுகிலுப்பையைக் குழந்தையின் கையில் திணித்தேன். அவள் சரி மதினி என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கிலுகிலுப்பையோடு குழந்தையின் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். நானும் விடாமல் போன் செய்து, கடிக்கிறாளா, நன்றாகக் கடிக்கிறாளா என்று கேட்பேன். கடிக்கிறாள் மதினி என்று பதில் வரும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மோட்டாரைச் சரி செய்ய வந்தவர் நத்தம் பக்கத்துக்காரர். வேலை முடிந்து கை கழுவ வந்தவர், மாடிப்படிக்குக் கீழே கிடந்த மீதிக் கட்டையைப் பார்த்து நின்றார்.

"டீச்சர், இதை எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது வெட்பாலை. பொம்மை செய்ய வாங்கினது."

அவர் குனிந்து, ஸ்க்ரூடிரைவரால் பட்டையைச் சுரண்டினார். லேத்துக்கு அடியில் கிடந்த ஒரு மரச்சுருளை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். உடனே சாக்கடை ஓரமாகப் போய்த் துப்பினார். மறுபடியும் துப்பினார்.

"இது எட்டி, டீச்சர். எங்க ஊர்ல கரையான் அரிக்காதுன்னு வேலிக்காலா நடுவாங்க. கசப்பு செத்த நேரத்துல போகாது பாருங்க. கரண்டி, கிண்ணம்னு வாயில படுற சாமான் எதுவும் இதுல கடைஞ்சிராதீங்க."

அவருக்கு என்ன பதில் சொன்னேன், எப்படி அனுப்பி வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. எட்டிக்காய் என்றால் விஷம் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

தம்பி மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. தம்பி ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். அந்த இரைச்சலில் அவனுக்குப் போன் அடிப்பது கேட்காது. எங்கள் பள்ளியின் தாவரவியல் டீச்சரைக் கூப்பிட்டுக் கட்டையின் படத்தை அனுப்பினேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். "பட்டையை மட்டும் பார்த்து உறுதியா சொல்ல முடியாது. ஆனா எட்டின்னு வச்சுக்கிட்டே நடந்துக்குங்க. கொட்டையிலதான் விஷம் ரொம்ப. பட்டை, கட்டையிலயும் இருக்கும். பிள்ளை எவ்வளவு கடிச்சிருக்கு? உடம்பு வெட்டி இழுத்துச்சா?"

தெரியவில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். கணக்கு டீச்சர் புத்தி பாருங்கள், வண்டி ஓட்டிக்கொண்டே மனசு கணக்குப் போடுகிறது. ஞானஸ்நானம் முடிந்து ஐந்து வாரம், முப்பத்தைந்து நாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கடித்திருந்தாலும் எவ்வளவு? இருபது நிமிடம் என்றால்? எட்டுக் கிலோகூட இல்லாத உடம்பு. கிலுகிலுப்பையில் பல் படும் இடத்தை இன்னும் மெல்லிசாகக் கடைந்தேனே, ஈறுக்கு இதமாக இருக்கட்டும் என்று. அந்த இடம் ஊறி ஊறி என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாளைக்கு முன்பு தம்பி போனில், பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னானே. பல் முளைக்கிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்று நான்தானே அவனுக்குப் பாடம் நடத்தினேன்.

பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். காவடியோடு ஒரு குழு சாலையைக் கடக்க, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலை ஊன்றி நின்றபடி மறுபடியும் போன் அடித்தேன். எடுக்கவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ, பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா அருகில் வந்து, "என்னத்தா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். அவர் ஒன்றும் விசாரிக்காமல் திரும்பி, "ஏப்பா, செத்த நில்லுங்க, இந்தப் பிள்ளை போகட்டும்" என்று சத்தம் போட, கூட்டம் விலகி வழி விட்டது. நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாதாவே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்பதையே சொல்லிக்கொண்டு போனேன்.

தம்பி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். குழந்தை கண் மூடிக் கிடந்தாள். மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கன்னத்தைத் தொட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு வீல் என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் தொட்டிலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. "என்ன மதினி, சொல்லாம கொள்ளாம?" என்று திகைத்தாள்.

"கிலுகிலுப்பை எங்க?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "இங்கதான் கிடந்துச்சு. காலையில கூட வச்சு விளையாண்டா" என்று தொட்டிலுக்கு அடியில் தேடினாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். பாயை உதறினாள். நானும் முட்டி போட்டு பீரோவுக்கு அடியில் துழாவினேன். கிடைக்கவில்லை. எங்கேயோ கிடக்கும், அப்புறம் எடுத்துத் தருகிறேன் என்று மழுப்பினாள்.

வேறு வழியில்லை. இத்தனை நாள் யாருக்கு வகுப்பு எடுத்தேனோ அவளிடம் தரையில் உட்கார்ந்தபடி சொன்னேன். "அது விஷ மரம். எட்டி. எனக்குத் தெரியாம கடைஞ்சுட்டேன். தப்பு பண்ணிட்டேன். பாப்பா எம்புட்டு கடிச்சாள்னு மறைக்காம சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டுச் சேலைகளுக்குக் கீழே, ஒரு துண்டில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி இருந்தது கிலுகிலுப்பை. பிரித்துப் பார்த்தேன். நான் தேய்த்த வழவழப்பு அப்படியே இருந்தது. ஒரு கடித் தடம் இல்லை.

"ஞானஸ்நானத்தன்னைக்கே வாயில வச்சுட்டுத் துப்பிட்டா மதினி" என்றாள் குனிந்தபடி. "என்னடான்னு நான் நாக்குல வச்சுப் பார்த்தேன். அம்புட்டுக் கசப்பு. எனக்கு மனசு கேட்கல, எடுத்து வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் கையில கொடுத்து போட்டோ எடுத்துட்டு, உடனே வாங்கிட்டுக் கையைக் கழுவி விட்ருவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி மதினி சொல்றது? அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு. இதைச் சொன்னா, மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்பீங்க. இப்பக்கூட, கொடுக்கலைன்னு தெரிஞ்சு சண்டைக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

அழுதேன். பயம் விட்டுப்போன அழுகை பாதி, வெட்கம் பாதி. அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். அது அழுகையை நிறுத்திவிட்டு என் சங்கிலியைக் கடிக்கப் பார்த்தது. அன்றே குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போய், ஒன்றையும் மறைக்காமல் நானே சொன்னேன். நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பல் வருகிறது, அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லை என்றார். வருகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் நிறுத்தி, நான் பிடுங்கி எறிந்தது போலவே ஒரு வளையத்தை வாங்கித் தம்பி மனைவியின் கையில் கொடுத்தேன்.

அந்தக் கிலுகிலுப்பை இப்போது என் லேத்துக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில், சிவப்புப் பெயின்ட் அடித்துத் தொங்குகிறது. இலையோடு பார்க்காத மரம் எதையும் இப்போது நான் லேத்தில் ஏற்றுவதில்லை. ஆனால் அன்று எனக்குப் புரிந்தது மரத்தைப் பற்றி மட்டும் அல்ல. கட்டையில் இருந்த கசப்பை ஒரு ஆறு மாதக் குழந்தையும் அதன் தாயும் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அதை என்னிடம் சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டேன். அவள் மட்டும் என் சொல்லுக்குப் பயந்து பிள்ளையைக் கடிக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குத் துணிவில்லை.

போன மாதம் பாப்பா உட்கார ஒரு முக்காலி கடைந்து கொடுத்தேன், வேப்பமரத்தில். மறுநாள் காலையிலேயே போன். "மதினி, உங்க முக்காலி ஒரு பக்கம் ஆடுது. வந்து சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க" என்றாள் தம்பி மனைவி. இந்தா வாரேன் என்று சொல்லி உப்புத்தாளை எடுத்துப் பையில் போட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், அவள் சொன்ன அந்தக் குறையைப் போல ஒன்றும் என் வயிற்றில் பால் வார்த்ததில்லை.