ஆக்டோபசின் மூன்று இதயங்கள்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேச, இண்டூரிலிருந்து சம்பந்தி தம் சகோதரர்களோடு எங்கள் நல்லம்பள்ளி வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பின், கைப்பேசியில் பார்த்த செய்தி ஒன்றை ஆர்வத்தோடு சொன்னார். ஆக்டோபசுக்கு மூன்று இதயங்களாம். இரத்தம் நீல நிறமாம்.

நான் விலங்கியல் பட்டதாரி. கடல் இல்லாத இந்த மாவட்டத்தில், அந்தப் பிராணியைக் கல்லூரி ஆய்வகக் குடுவையில் நேரில் கண்டவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

"போன்ல வர்றதை எல்லாம் படிச்சவங்க நம்ப மாட்டாங்க" என்றேன்.

சம்பந்தி எட்டாம் வகுப்போடு நின்றவர். சிரித்தார், ஆனால் பாயசத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அன்று மாலை, என் சொல்லை உறுதிசெய்துகொள்ளவே பழைய பாடநூலைப் புரட்டினேன். மூன்று இதயங்கள். நீல இரத்தம். நூலை மூடி, மனைவியின் கண்ணில் படாதபடி அலமாரியின் அடியில் வைத்தேன்.

நாள் பார்த்துச் சொல்வதாகப் போனவர்கள் பத்து நாட்களாகியும் பேசவில்லை. மனைவி தினமும் காரணம் கேட்டாள். அறுவடைக் காலம் என்றேன். மகள் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். அதுதான் என்னை அதிகம் வாட்டியது. ஒரு பிராணியின் இதயத்தால் அவள் திருமணம் நின்றது என்று ஊர் பேசினால், நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

பதினோராம் நாள் இண்டூருக்குப் பேருந்து ஏறினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனத்துக்குள் திருத்திக்கொண்டே போனேன். சம்பந்தி தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், எழுந்திருக்கவில்லை. திருத்திய வாக்கியம் மறந்துபோயிற்று.

"நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

ஒரு தக்காளியைத் துடைத்துக் கூடையில் வைத்தார். "அன்னிக்கு எங்க அண்ணன் தம்பிங்க முன்னால சொன்னீங்க. இதையும் அவங்க முன்னாலயே சொல்லிடுங்க, சம்பந்தி. நாள் குறிச்சிடலாம்."

நிச்சயதார்த்தத்தன்று, தட்டு மாற்றும் முன் எழுந்தேன். பிழையை ஒப்புக்கொண்டேன். என் பட்டத்தின் மானம் காக்க இன்னொன்றையும் சேர்த்தேன்: நீந்தும்போது ஆக்டோபசின் ஓர் இதயம் துடிப்பதை நிறுத்திவிடும், ஆதலால் அது ஊர்ந்து செல்லவே விரும்பும்.

சபையில் எல்லார் முகமும் சம்பந்தியின் பக்கம் திரும்பியது. என்னிடம் இருந்த ஒற்றை இதயம் அப்போது என்ன செய்தது என்று எனக்கே தெரியாது.

"அதனாலதான் சம்பந்தி இண்டூர் வந்து சேர பதினோரு நாள் ஆச்சு" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் தாம்பூலத் தட்டை எடுத்து என் கைகளில் கொடுத்தார்.