தாடி வைத்த மாப்பிள்ளையும் பெருமாள்சாமியும்

காக்ஸ் டவுனில் ஞாயிறு காலை எட்டு மணி மாதா கோயில் பூசைக்குள் சவரம் முடித்தாக வேண்டும். 1954-இல் அந்தத் தெருவுக்கு அதற்கென்று இருந்தது பெருமாள்சாமியின் சலூன் ஒன்றுதான். பெஞ்சு நிறைந்து ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பித்தளைக் கிண்ணத்தில் மொத்தமாக சோப்பு நுரை அடித்து, ஒரே பிரஷ்ஷால் பெஞ்சு முழுக்க வரிசையாகத் தடவிக்கொண்டே போவார். கடைசி ஆளுக்குத் தடவும்போது முதல் ஆளின் மயிர் ஊறியிருக்கும். பிறகு கத்தி. கத்தி முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தேய்ப்பு.

யுத்த காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து, பட்டாளத்துத் தலைகளில் பழகிய கை அது. பொடுகு எது, தேமல் எது என்று தூரத்திலிருந்தே சொல்வார். புழுவெட்டு விழுந்தவன் அழுதால், "பெரும்பாலும் தானா மொளைக்கும், வெங்காயத்தத் தேச்சுப் புண்ணாக்கிக்காத" என்று அனுப்பிவைப்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மேரியம்மா தன் மகன் டெஸ்மண்டை இழுத்துக்கொண்டு வந்தார். கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் அவனுடைய கல்யாண ஓலையை ஒருமுறை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு வாசிப்பு, பிறகு கல்யாணம். அவன் தாடை முழுக்கச் சீழ் கட்டிய பருக்கள்.

"பாரு பெருமாள். ஒங்கத்தி பண்ண வேலை."

"கத்தியில்லம்மா. ஆளுக்கு ஆள் டெட்டால்ல முக்கறேன். இது சூடு. மோர் குடுங்க."

"குடிச்சுக் குடிச்சு எருமக் கன்னுக்குட்டி மாதிரி ஆயிட்டான். மாப்பிள்ளைச் சவரத்துக்கு நீ வராத. பிளாக்பள்ளியிலேர்ந்து ஆள் கூட்டியாறேன்."

கல்யாணத்தன்று காலை, உறவுக்காரர்கள் சூழ நிற்க மாப்பிள்ளைக்குச் செய்யும் சவரம் அது. அதை வேறொருவன் செய்தால், கோயில் ஜனம் மொத்தமும் அவன் பின்னால் போய்விடும். பெருமாள்சாமி கடையைச் சாத்தினார். டெஸ்மண்டைத் தாமே டாக்டர் சேஷகிரியிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "படர்தாமரைன்னா வட்டமா, ஓரத்துல செதிலோட இருக்கும். இது மயிர்க்கால்ல சீழ் பிடிச்சது. சூடெல்லாம் இல்லை, கிருமி. வெந்நீர் ஒத்தடம் குடு, களிம்பு தரேன். ஆறற வரைக்கும் கத்தி படக் கூடாது. பட்டா முகம் பூரா பரவும்."

"கல்யாணம் இருக்கு டாக்டர்," என்றான் டெஸ்மண்ட்.

"தாடியோட பண்ணிக்கோ." பிறகு பெருமாள்சாமியைப் பார்த்தார். "இது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்தும். ஒங்க கடையில எதெது பொதுவா இருக்குன்னு பாருங்கோ."

பெருமாள்சாமி வீடு வீடாகப் போய்த் தாடைகளைப் பார்த்தார். வார நாட்களில் ஒவ்வொருவராக வருகிறவர்களுக்கும் அதே கத்திதான், பிரஷ்ஷையும் கல்லையும் கழுவ நேரமிருக்கும். அவர்களுக்கு ஒன்றுமில்லை. பருவோடு இருந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள், அதுவும் ஆர்கன் வாசிக்கும் மதலைமுத்துவுக்கு அடுத்தடுத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள். மதலைமுத்து முன்னதாகக் கோயிலுக்குப் போகவேண்டியவர் என்பதால் முதல் நுரை எப்போதும் அவருக்குத்தான். அவர் முகவாயில் ஆறாத புண் ஒன்று வெகுநாளாக இருந்தது. அங்கே கிளம்பிய பிரஷ்தான் பெஞ்சின் மறுமுனை வரை போயிருக்கிறது. படிகாரக் கல்லும் அதே வழியில் போயிருக்கிறது.

அன்றே கல்லை இடித்துப் பொடியாக்கிப் புட்டியில் கரைத்தார். இனி அவரவர் உள்ளங்கையில் ஊற்றுவதோடு சரி. பிரஷ்ஷை அவரவரே கொண்டுவரச் சொன்னார். மதலைமுத்துவிடம் சவரமே கூடாது, டாக்டரைப் பார் என்றார்.

"ஆர்கன் வாசிக்கிறவன் தாடி வெச்சா சாமியார் என்னய்யா சொல்வாரு?"

"சாமியாருக்கே நெஞ்சு வரைக்கும் இருக்குது, போய்யா."

மேரியம்மாவிடம் அப்படிப் பேசிவிட முடியாது. அவர் வீட்டு வாசலில் நின்று நேராகச் சொன்னார்: "எம்மேலதான் தப்பும்மா. கத்தியில்ல, பிரஷ்ஷு. ஆனா இப்ப மழிச்சீங்கன்னா திரும்பக் கெளம்பிடும். பிளாக்பள்ளி ஆளையும் தொட விடாதீங்க. நான் கத்தரியில பண்றேன்."

"தாடியோட நின்னா பொண்ணு புடிக்கலன்னு நெனைப்பாங்க. இல்ல, வீட்ல யார் போய்ட்டாங்கன்னு கேப்பாங்க."

"புண்ணோட நின்னா அதவிட மோசமாக் கேப்பாங்கம்மா. நல்லா இல்லேன்னா, அதுக்கப்புறம் எங்கடைக்கு யாரையும் அனுப்பாதீங்க."

மேரியம்மா உள்ளே திரும்பி மகனைப் பார்த்தார். ஒத்தடத்தில் சிவப்பு தணிந்திருந்தது. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. "கல்யாணத்தன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துரு," என்றார்.

கல்யாணத்தன்று டெஸ்மண்டின் தாய்மாமன் ஓஸ்வால்ட் சவரக்காரருக்குத் தரும் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றார். கொதிநீரில் போட்டு எடுத்த கத்தரியையும் சீப்புகளையும் பெருமாள்சாமி துணியில் பரப்பினார். புண்கள் காய்ந்து உதிர்ந்திருந்தன. தோலில் படாமல், தாடை எலும்போடு ஒட்டினாற்போல் வெட்டினார். கன்னத்தில் ஒதுக்கினார், முகவாயில் கொஞ்சம் விட்டார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு மெல்ல அடங்கியது.

"இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கான்," என்றார் ஓஸ்வால்ட்.

மேரியம்மா மகனின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். தட்டை வாங்கிப் பெருமாள்சாமியின் கையில் கொடுத்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நீயும் ஒக்காரு. ஒம் மீசை சகிக்கல."

பெருமாள்சாமி டெஸ்மண்டுக்குப் போட்ட கத்தரியையும் சீப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, துணியிலிருந்து வேறு ஜோடியை எடுத்தார்.